ஹெலியில் வேலைக்குப் போகிற பிள்ளை

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. சனி இரவில் குசினி எப்படியிருக்கும் என்று இந்தத் தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுப்பில் நாலு சட்டி, பக்கத்தில் கழுவாத கோப்பைகள் மலை போல, வெளியில் பன்னிரண்டு பேர் இருக்கிற ஒரு மேசை. பொக்கற்றுக்குள் ரெலிபோன் மூன்று தரம் அடித்து நின்றது. ஒரே ஆள் மூன்று தரம் எடுத்தால் ஊரில் செத்தவீடாக இருக்கும், இல்லாவிட்டால் ஆசுப்பத்திரியாக இருக்கும். நாலாவது தரம் கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"தம்பி, உவள் கடலுக்குப் போகப்போறாளாம். நீ ஒருக்கா வந்து கதை."

அண்ணை ஒருவர். சொந்த அண்ணன் இல்லை, ஆனால் நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அதற்கு மேலாக இருக்கிறவர். 80களின் கடைசியில் நோர்வேக்கு வந்து, வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வருடக்கணக்காக மீன் வெட்டி, பிறகு தெற்கே ஸ்ரவாங்கருக்கு வந்து பஸ் ஓட்டுகிறார். அவருடைய ஒரே மகள்தான் "உவள்". வயது 27. துரொண்ட்ஹைம் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் முதுகலை முடித்து, இங்கே ஒரு எண்ணெய்க் கொம்பனியில் ஒன்றரை வருடமாக வேலை. கொம்பனியின் பெயரும் பிள்ளையின் பெயரும் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

"கடலுக்கு எண்டால்?"

"பிளாற்போமுக்கு. பதினாலு நாள் அங்க. ஆம்பிளையளோட. நீயும் எஞ்சினியரிங் படிச்சனிதானே, உன்ர சொல்லைக் கேப்பாள்."

நான் எஞ்சினியரிங் படித்தது பேராதனையில் மூன்றாம் வருடம் வரைக்கும். 2006 இல் அது நின்றது. ஏன் நின்றது என்பதை முன்பு எழுதியிருக்கிறேன், திரும்ப எழுத விருப்பமில்லை. ஆனால் எங்கட சனத்துக்கு முடிக்காத படிப்பும் ஒரு தகுதிதான். யாருடைய பிள்ளைக்காவது கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றாலும், யாருடைய பிள்ளையையாவது மறிக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனேன்.

வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அக்கா தேத்தண்ணி தந்தா. முகம் சரியில்லை. அண்ணை ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரீவி போடப்படவில்லை. பிள்ளை மட்டும் சாதாரணமாக "வாங்கோ மாமா, உங்களையும் கூப்பிட்டிட்டினமோ" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முதலில் தெரிய வந்த விசயம் என்னவென்றால், அவள் ஏற்கனவே இரண்டு தரம் பிளாற்போமுக்குப் போய் வந்திருக்கிறாள். மூன்று நாள், நாலு நாள் என்று. வீட்டில் பேர்கனில் கருத்தரங்கு என்று சொல்லியிருக்கிறாள். இப்போது நிரந்தரமாகச் சுழற்சி வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு கிழமை கடலில், நாலு கிழமை வீட்டில். கடலில் நிற்கிற நாட்களில் ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் வேலை. இனி மறைக்க முடியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். 27 வயதுப் பிள்ளை, தன்ர வேலையைப் பற்றித் தாய் தகப்பனுக்குக் களவாகப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்திலேயே எனக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் அக்கா கேட்ட முதல் கேள்வி என்னையும் அடக்கிவிட்டது.

"ஹெலியிலயோ போறது?"

இந்தச் சொல்லை நோர்வே வெள்ளைக்காரனுக்கு விளங்கப்படுத்த முடியாது. எங்கட நாட்டிலிருந்து வந்த, எங்கட வயதுக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அக்கா வடமராட்சி. 1987 வைகாசியில் ஒப்பரேசன் லிபரேசன் நடந்தபோது அவவுக்கு 15 வயது. ஹெலி என்றால் அவவுக்கு மேலேயிருந்து சுடுகிற சாமான். சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் ஓட வேண்டும், ஓட நேரமில்லையென்றால் பனைமரத்தைச் சுற்றிச் சுற்றி நிற்க வேண்டும். ஸ்ரவாங்கரில் சோலா விமான நிலையத்திலிருந்து பிளாற்போம்களுக்கு ஒவ்வொரு நாளும் ஹெலிகள் போய் வரும். இந்த ஊரில் அது பஸ் மாதிரி. முப்பது வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தும், அக்கா இன்னும் யன்னல் பக்கம் போய் ஒருக்கா மேலே பார்த்துவிட்டுத்தான் வந்து இருப்பா. அந்த மனுசியிடம் "அம்மா, நான் ஹெலியில வேலைக்குப் போறன்" என்றால் என்ன செய்வா?

ஆகவே தாயை மூடத்தனமான பொம்பிளை என்று எழுத நான் வரவில்லை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் எங்கட பயத்தைப் பிள்ளையின்ர வாழ்க்கைக்குப் பூட்டாகப் போடலாமா என்பதுதான் கேள்வி.

பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தினாள். கடலுக்குப் போகிற எல்லாரும் முதலில் நாலு நாள் பாதுகாப்புப் பயிற்சி எடுக்க வேண்டும். நீச்சல் தடாகத்துக்குள் ஹெலியின் உடம்பு மாதிரி ஒரு கூட்டை இறக்குவார்கள். உள்ளே பெல்ற் போட்டு இருக்க வேண்டும். தண்ணிக்குள் போனதும் கூடு தலைகீழாகப் புரளும். புரண்டு நின்ற பிறகு யன்னலைத் தள்ளித் திறந்து, பெல்ற்றைக் கழற்றி வெளியே வர வேண்டும். "முதல் தரம் மூக்குக்குள்ள தண்ணி போய்ச் செத்தன் எண்டு நினைச்சன் மாமா. ரெண்டாம் தரம் சரி." அக்கா காதைப் பொத்திக்கொண்டா.

அண்ணை அப்போதுதான் வாய் திறந்தார். "2016 இல விழுந்ததே? பேர்கன் பக்கத்தில. பதின்மூண்டு பேர்."

உண்மைதான். 2016 ஏப்ரல் 29, துரோய் என்ற இடத்தில், பிளாற்போமிலிருந்து திரும்பி வந்த ஹெலியின் மேல் விசிறி அப்படியே கழன்று பறந்தது. 13 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அண்ணை பஸ்ஸில் செய்தி கேட்டுக்கொண்டு ஓட்டுகிறவர், எதையும் மறக்க மாட்டார். இன்னொன்றையும் சொன்னார். "கீலண்ட்."

ஸ்ரவாங்கரில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அலெக்சாந்தர் கீலண்ட் என்பது கடலில் வேலை செய்கிறவர்கள் தங்குகிற மிதக்கும் மேடை. 1980 மார்ச் 27 பின்னேரம், புயலுக்குள், ஐந்து கால்களில் ஒன்று முறிந்து மேடை கவிழ்ந்தது. 212 பேர் இருந்தார்கள், 123 பேர் செத்தார்கள். உடைந்த சங்கிலி வளையம் மாதிரி ஒரு நினைவுச்சின்னம் கடற்கரையில் நிற்கிறது.

நான் மறிக்கத்தான் வந்தேன் என்று அண்ணை நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் இந்த இடத்தில் பிள்ளை சொன்னதைக் கேட்டபோது எனக்கு பேராதனையில் கடைசி வாங்கில் இருந்த ஞாபகம் வந்துவிட்டது. அவள் சொன்னாள்: "அப்பா, ரெண்டும் ஒரே விசயம்தான். ரெண்டும் உலோகக் களைப்பு."

கம்பியொன்றை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டிருந்தால் கடைசியில் முறிகிறதே, அதுதான் உலோகக் களைப்பு. ஒரு தரம் வளைத்தால் ஒன்றும் நடக்காது. ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் வளைந்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வளரும். துரோயில் அது கியர்ப்பெட்டிக்குள் ஒரு பற்சில்லில் வளர்ந்தது. கீலண்டில் ஒரு குறுக்குத்தண்டில் வளர்ந்தது. அந்தத் தண்டில் ஒலி கேட்கும் கருவியொன்றைப் பூட்டுவதற்காக ஒரு சின்னத் தகட்டை வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். பாரம் தாங்கவேண்டிய பகுதியே இல்லை, அதனால் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 6 மில்லிமீற்றர் வெல்டிங். அங்கேதான் வெடிப்புத் தொடங்கியது. 123 பேருடைய சாவு 6 மில்லிமீற்றரில் தொடங்கியிருக்கிறது.

"அதைப் பாக்கிறதுதான் எங்கட வேலை அப்பா. ஆரும் பாக்காத இடத்தைப் பாக்கிறது" என்றாள்.

அண்ணை பதில் சொல்லவில்லை.

அவள் பார்ப்பது இரும்பு இல்லை, மின்சாரம். அதையும் கேட்டேன். பிளாற்போம் என்பது ஒரு தீவு. அங்கே தன்பாட்டில் மின்சாரம் உற்பத்தி செய்ய வேண்டும். கிணற்றிலிருந்து வருகிற எரிவாயுவில் கொஞ்சத்தை எரித்து டர்பைன் சுற்றுகிறார்கள். திடீரென்று ஒரு டர்பைன் நின்றால், மிச்சம் இருக்கிறதுகள் பாரம் தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். அப்படி நிற்காமல் இருக்க, ஒரு செக்கனுக்குள் தேவையில்லாத பாவனைகளை வெட்டிவிட வேண்டும். எதை முதலில் வெட்டுவது, எதைக் கடைசி வரைக்கும் வெட்டக்கூடாது என்ற ஒழுங்கைப் பார்க்கிறதும், அது சரியான நேரத்தில் வேலை செய்யுமா என்று சோதிக்கிறதும் அவளுடைய வேலையில் ஒரு பகுதி.

"முதல்ல எதை வெட்டுவீங்கள்?"

"உங்கட குசினியைத்தான் மாமா."

அன்று அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

எனக்கு அதைக் கேட்க யாழ்ப்பாணம் ஞாபகம் வந்தது. 1990 இல் எங்களுக்குக் கரண்ட் போனது. நான் பத்து வயதுப் பொடியன். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயும் பஞ்சும் போட்டு எரிக்கிற விளக்கில்தான் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டோம். மிதிக்கிறவன் களைத்தால் செய்தி நின்றுவிடும். "மிதியடா" என்று அப்பா கத்துவார். நான் மின்பொறியியல் படிக்க ஆசைப்பட்டது அந்தச் சைக்கிளில்தான். அதற்குப் பிறகு மின்சாரம் வந்தபோதும் குடாநாடு நெடுங்காலம் தனித்தீவு மாதிரித்தான், உள்ளூர் ஜெனரேற்றர்களில் ஓடியது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர்அழுத்தக் கம்பி இழுத்து தேசிய மின்வலையில் திரும்பச் சேர்த்தது 2013 இல். நான் அப்போது இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

சரி, கதைக்கு வருகிறேன். ஹெலியும் புயலும் பற்றிக் கதைத்து முடிந்த பிறகுதான் உண்மையான காரணம் மெல்ல வெளியே வந்தது. அக்கா சொன்னா: "லண்டனில ஒரு பொருத்தம் வந்திருக்கு. நல்ல பெடியன், கணக்காளர். பிள்ளை எஞ்சினியர் எண்டதும் அவைக்கு நல்ல விருப்பம். ஆனா கந்தோர் வேலைதானே எண்டு கேட்டவை. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

இதுதான் விசயம்.

எங்கட சனம் பெண்பிள்ளைகளைப் படிப்பிப்பதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அகதியாக வந்து, கோப்பை கழுவி, கூட்டித் துடைத்து, மீன் வெட்டிப் படிப்பித்திருக்கிறோம். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் எதற்காகப் படிப்பிக்கிறோம் என்று ஒருக்காவாவது எங்களையே கேட்டிருக்கிறோமா? பட்டமளிப்புப் படம் சுவரில் தொங்கும். சாமத்தியவீட்டுப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். பேச்சுக்கால் நடக்கும்போது "பிள்ளை எஞ்சினியர்" என்ற சொல் மேசையில் வைக்கப்படும். ஆனால் அந்த எஞ்சினியர் இரவுவேலைக்குப் போகக்கூடாது, வெளியூர் போகக்கூடாது, கைகால் அழுக்காகக்கூடாது. படிப்பு என்பது சீதனப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்த ஒரு உருப்படியாகப் போய்விட்டது. நகை மாதிரி. நகையை யாரும் வேலைக்கு அனுப்புவதில்லை.

எனக்கு இதில் கோபம் வருவதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. பேராதனையில் என்னோடு படித்த ஒருத்தி இருந்தாள். எங்கட வகுப்பில் மின்வலுத் தொகுதிப் பாடத்தில் அவளை அடிக்க ஆளில்லை. நாங்கள் பொடியன்கள் அவளுடைய நோட்ஸைப் படப்பிரதி எடுத்துத்தான் சோதனை எழுதினோம். அவள் படிப்பை முடித்தாள், நான் முடிக்கவில்லை. 2009 இல் லண்டன் மாப்பிள்ளை. பிறகு மூன்று பிள்ளைகள். இன்றைக்கு அவள் ஒரு சுப்பர்மார்க்கெற்றில் காசுப்பெட்டியில் இருக்கிறாள். காசுப்பெட்டி வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தகுதியுமில்லை. ஆனால் எனக்கு யுத்தம் வந்து படிப்பை நிற்பாட்டியது. அவளுக்கு ஒரு யுத்தமும் வரவில்லை, சொந்தக்காரர்தான் வந்தார்கள். அந்தக் கலியாணத்துக்கு நானும் லண்டன் போயிருந்தேன். நல்லாகச் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிலர் சொல்லுவார்கள், இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், எங்கட பெண்கள் இப்படிப்பட்ட வேலைக்குப் போனதில்லை என்று. அவர்கள் ஏ. லலிதாவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் 1919 இல் பிறந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண். 15 வயதில் கலியாணம், 18 வயதில் விதவை, கையில் நாலு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன விதி என்று எங்கட பாட்டிமாரைக் கேட்டால் சொல்லுவார்கள். அவருடைய தகப்பன் கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். மகளை மூலையில் இருத்தாமல், ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியிலேயே மின்பொறியியல் படிக்க வைத்தார். 1940களின் தொடக்கத்தில் பட்டம் பெற்று, பிறகு கல்கத்தாவில் வேலை செய்து, பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின் வேலைகளிலும் பங்கெடுத்தார். 1964 இல் நியூயோர்க்கில் நடந்த பெண் பொறியியலாளர்களின் முதலாவது சர்வதேச மாநாட்டுக்கும் போனார். இது எண்பது வருடத்துக்கு முந்திய கதை. விதவை மகளுக்கு ஒரு தகப்பன் அன்றைக்குச் செய்ததை, சுகதேகியான மகளுக்கு நாங்கள் இன்றைக்கு நோர்வேயில் இருந்துகொண்டு செய்ய யோசிக்கிறோம்.

இன்னொரு தகப்பனின் கதையும் இருக்கிறது, இது இந்த நாட்டுக் கதை. பாருக் அல் காசிம் என்ற ஈராக்கிய மண்ணியலாளர். மனைவி நோர்வேக்காரி. மகனுக்கு மூளைவாதம், வைத்தியம் தேவை என்பதற்காக, ஈராக்கில் இருந்த பெரிய எண்ணெய் உத்தியோகத்தை விட்டுவிட்டு 1968 இல் ஒஸ்லோவில் வந்து இறங்கினார். மனைவியின் ஊருக்குப் போகிற ரயிலுக்கு இன்னும் சில மணித்தியாலம் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று கைத்தொழில் அமைச்சுக்குள் நடந்து போய், இங்கே எண்ணெய்க் கொம்பனிகள் இருந்தால் பட்டியல் தாருங்கள் என்று கேட்டார். அமைச்சில் இருந்தவர்களுக்கு எண்ணெய் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவரையே பிடித்து, வடகடலில் தோண்டிய கிணறுகளின் முடிவுகளைப் பார்க்கச் சொன்னார்கள். அடுத்த வருடம், 1969 கடைசியில், எக்கோபிஸ்க்கில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எண்ணெயை எப்படி நாட்டுக்குச் சொந்தமாக வைத்திருப்பது என்ற திட்டத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். இன்றைக்கு நோர்வேயின் எண்ணெய் நிதியில் 20 லட்சம் கோடி குரோணருக்கு மேல் இருக்கிறது. அதன் அத்திவாரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரனின் கை இருக்கிறது. அண்ணை முப்பத்தைந்து வருடம் இந்த நாட்டில் வரி கட்டியும் இந்தக் கதை அவருக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னேன்.

இனி, நான் பிள்ளையின் பக்கம் மட்டும் நின்று எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவளிடமும் ஒரு கேள்வி கேட்டேன். "பிள்ளை, உலகமே எண்ணெயை விடவேணும் எண்டு கத்துது. நீ ஏன் எண்ணெய்க்குப் போறாய்?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னாள், தனக்கு விருப்பம் காற்றாலைதான் என்று. கடலில் மிதக்கிற காற்றாலை. ஹைவிண்ட் தம்பன் என்று ஒன்று 2023 இலிருந்து முழுதாக ஓடுகிறது. கரையிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீற்றர் தூரத்தில், 260 மீற்றருக்கு மேல் ஆழமான கடலில், 11 காற்றாலைகள் மிதக்கின்றன. ஆனால் அதில் வருகிற மின்சாரம் எங்கே போகிறது தெரியுமா? எண்ணெய் எடுக்கிற பிளாற்போம்களுக்கு. காற்றைப் பிடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். "அது ஒரு பகிடிதான் மாமா, எனக்கும் தெரியும். ஆனா அந்த டர்பைன்கள் எரிக்கிற வாயு குறையுது. கடல் வேலை தெரியாமல் கடலில காத்தாலை கட்டேலாது. நான் முதல்ல கடலைப் பழகவேணும்."

இந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. எரிசக்தி என்றால் எங்கேயோ ஒரு சனம் அதற்கு விலை கொடுக்கிறது. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்து, சனம் குடிதண்ணிக்கு அலைந்தது. 2019 இல் உச்சநீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கிணற்றுத் தண்ணியை நம்பி வாழ்கிற ஊருக்கு அது காணுமா? மன்னாரில் 30 காற்றாலைகள் நிற்கின்றன, 103.5 மெகாவாற். சுத்தமான மின்சாரம்தான். ஆனால் இன்னும் கூடக் கட்டப்போகிறோம் என்றபோது அங்கே இருக்கிற சனம் வீதிக்கு இறங்கியது, தங்களைக் கேட்காமல் எல்லாம் நடக்கிறது என்று. ஆகவே எண்ணெய் கெட்டது, காற்று நல்லது என்று நான் லேசாகச் சொல்லமாட்டேன். நான் வேலை செய்கிற குசினியும் எண்ணெயில்தான் ஓடுகிறது. 2014 இல் எண்ணெய் விலை விழத் தொடங்கி, 2016 தொடக்கத்தில் பீப்பா 30 டொலருக்கும் கீழே போனபோது, ஸ்ரவாங்கரில் முதலில் காலியானது சாப்பாட்டு மேசைகள்தான். எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை வெட்டினார்கள். ஆகவே இந்தக் கேள்வியில் கை சுத்தமான ஆள் இந்த ஊரில் இல்லை. அந்தக் கேள்வியை அவளே கேட்டுக்கொள்கிறாள் என்பது எனக்குப் போதும். அதற்குப் பதில் தேடவேண்டியவளும் அவள்தான். லண்டன் சம்பந்தி இல்லை.

இன்னொரு விசயமும் சொன்னாள். முதல் தரம் பிளாற்போமில் இறங்கியபோது, அங்கே நின்ற ஒருவர் அவளைப் பார்த்து, சமையல் பகுதி இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாராம். எங்கட நிறத்தில் ஒரு பெட்டை வந்தால் சமைக்கவோ துடைக்கவோதான் வந்திருப்பாள் என்று அவருக்கு ஒரு எண்ணம். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தாள். நான் யார், என்ன வேலை செய்கிறேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சொறி மாமா, நான் அப்பிடிச் சொல்லேல்ல" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. குசினி வேலை குறைந்த வேலை இல்லை, பிளாற்போமில் சமைக்கிறவனுக்கு என்னைவிட நல்ல சம்பளம். ஆனால் அந்தக் கை காட்டிய மனிசனும் இந்த வீட்டுக் கதிரையில் இருந்த நாங்களும் ஒரே வேலையைத்தான் செய்தோம் என்று பட்டது. அவர் குசினியைக் காட்டினார், நாங்கள் கந்தோரைக் காட்டினோம். உன்ர இடம் அதுதான், அங்கே போய் நில் என்று.

அண்ணையைப் பார்த்துக் கேட்டேன். "அண்ணை, நீங்கள் பின்மார்க்கில எத்தினை வருசம்?"

"ஆறு."

"இருட்டுக்காலத்தில, தனிய, மொழி தெரியாமல். ஊரில உங்கட அம்மா மறிச்சவவோ?"

"அது வேற தம்பி. அது காசுக்கு."

"நீங்கள் வந்த பாதை?"

அவர் பேசவில்லை. ஏஜென்சிக்காரன் அவரை எந்தெந்த நாட்டால் கொண்டுவந்தான், எந்த லொறிக்குள் எத்தனை பேர், எத்தனை நாள் என்பது எனக்குத் தெரியும். தண்ணி போட்ட ஒரு இரவில் சொல்லி அழுதவர். அந்த லொறிக்குப் பயிற்சி இல்லை, பாதுகாப்பு உடுப்பு இல்லை, கவிழ்ந்தால் கணக்கெடுக்க ஆளில்லை. அப்படி வந்த ஆள், நாலு நாள் பயிற்சியும், தண்ணிக்குள் விழுந்தாலும் உயிர்காக்கிற உடுப்பும், தொழிற்சங்கமும் இருக்கிற ஒரு வேலையைக் கண்டு பயப்படுகிறார். ஆம்பிளை போனால் துணிவு, பொம்பிளை போனால் ஆபத்து. வேறு ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

என்னுடைய கருத்து இதுதான். பெண்பிள்ளையை எஞ்சினியராகப் படிப்பித்தால் எஞ்சினியராக வேலை செய்ய விடவேண்டும். எஞ்சினியர் வேலை மேசையில் மட்டும் இல்லை. அது கடலில் இருக்கும், அணைக்கட்டில் இருக்கும், இரவு இரண்டு மணிக்கு நின்றுபோன இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதை வெட்டிவிட்டுப் பட்டத்தை மட்டும் வைத்திருக்கச் சொல்வது, சட்டியைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பூட்டுவது மாதிரி. முதல் ஐந்து ஆறு வருடத்தில் களத்தில் பழகாதவளைப் பிறகு யாரும் பெரிய பொறுப்புக்கு எடுக்கமாட்டார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு "எங்கட பிள்ளையளை வெள்ளைக்காரன் மேல விடுறானில்லை" என்று நாங்களே முறைப்பாடு சொல்லுவோம். வெள்ளைக்காரன் விடாத இடங்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் கதவை வீட்டுக்குள் நாங்கள்தான் சாத்துகிறோம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒன்று. எஞ்சினியர் பொம்பிளை வேண்டுமென்றால் அவளுடைய வேலையையும் சேர்த்துக் கேளுங்கள். நாலு கிழமை வீட்டில் நிற்கிற மனைவி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? றெஸ்ரோரண்ட் வேலை செய்கிற நாங்கள் ஒரு சனி ஞாயிறு வீட்டில் நிற்கிறோமா? எங்களைக் கட்டின பெண்டுகள் கணக்குக் கேட்டார்களா?

அன்றைக்கு இரவு எட்டு மணி வரைக்கும் இருந்தேன். ஒரு முடிவும் எடுக்கவில்லை. அண்ணை என்னைக் கார் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "உன்னைக் கூப்பிட்டது பிழையாப் போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

போன கிழமை பிள்ளை போய்விட்டாள். விடிய நாலரைக்கு அண்ணைதான் சோலாவுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அக்கா திருநீறு பூசி, வடை பொரித்து ஒரு பொதியும் கட்டிக் கொடுத்திருக்கிறா. எண்ணெய்ப் பலகாரத்தைப் பிளாற்போமுக்கு கொண்டுபோனாளா, காருக்குள் வைத்துச் சாப்பிட்டாளா தெரியாது. லண்டன்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. அக்கா இப்போதும் ஹெலிச் சத்தம் கேட்டால் யன்னலுக்குப் போகிறாவாம். முந்தி ஒருக்கா பார்த்துவிட்டு வந்து இருப்பா. இப்போது சத்தம் அடங்கும் வரைக்கும் நிற்கிறா என்று அண்ணை சொன்னார்.

இன்றைக்கும் சனிக்கிழமை. வேலைக்கு நேரமாகிவிட்டது. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.